யாக்கோப்பு கோல்ட், ஒன்பது

லண்டன் குட்மேய்ஸில் யாக்கோப்பு இருந்த வீட்டின் நடைச்சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி பொருத்திப் பூட்டியிருந்தது. சவர்க்காரக் கட்டி அளவுதான். முகப்பில் சூடு காட்டுகிற ஒரு எண், உள்ளே ஒரு சிம் கார்ட். வீட்டுச் சூடு பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது மூன்று பேருடைய போனுக்கு மெசேஜ் அனுப்பும். பூட்டியவன் மகளைக் கட்டிய மருமகன் ஜெஸ்ரின். ஜேர்மனியில் பன்னிரண்டு வருசம் கரண்ட் வேலை பார்த்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். சும்மா கிடக்கிற சுவரைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும்.

யாக்கோப்பு அந்தப் பெட்டிக்குத் தலையாட்டி என்று பேர் வைத்திருந்தார். ஊரில் சனத்துக்கு முன்னால் ஆமிக்காரன், காட்டிக்கொடுக்கிறவன் ஒருவனைச் சாக்கால் மூடிக் கொண்டுவந்து நிறுத்துவானே, அவன் ஆளைப் பார்த்துத் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள், அந்தத் தலையாட்டி. இது தலைக்குப் பதில் பச்சை லைட்டை மினுக்கும். வேறு வித்தியாசம் இல்லை.

இரண்டு தரம் காட்டிக்கொடுத்தும் விட்டது. ஒருதரம் கருவாடு பொரிக்கும்போது பின்கதவைத் திறந்து வைத்ததற்கு. மற்றத் தரம், வீட்டைச் சூடாக்குகிற பொயிலருக்குள் யாரோ குசுகுசுக்கிறார்கள் என்று அவரே அதை நிற்பாட்டிவிட்டுப் படுத்ததற்கு. அதன்பிறகு மகள் றஜீனா நேரில் வந்து நின்று சொன்னாள்:

"அப்பா, இன்னொருக்கா மெசேஜ் வந்துதெண்டால் கதை இல்லை. நீங்களும் சூட்கேசும் சட்டனுக்கு."

சட்டனில் மகள் வீடு. அங்கே கக்கூசுக்கும் கார்ப்பெட். இருக்கிற அறை நடுவில் ஏறி நின்று ஓடுகிற ஒரு மிசின். இரண்டு பூனை, இரண்டுக்கும் தனித்தனிக் கதிரை. கருவாடு என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. போன ஈஸ்டருக்கு நாலு நாள் இருந்து பார்த்தார். ஐந்தாம் நாள் பாண் வாங்கி வாறன் என்று வெளிக்கிட்டவர் குட்மேய்ஸில் வந்துதான் பாண் வாங்கினார்.

2009 மார்கழி, ஒரு சனிக்கிழமை. எழும்பிப் பார்த்தால் வெளியே கணுக்கால் மூடப் பனி, உள்ளே பொயிலரில் ஒரு சிவப்பு லைட். ஹீற்றர் எல்லாம் செத்த மீன்போலக் குளிர்ந்து கிடந்தன. தலையாட்டியில் பதினொரு டிகிரி.

பொயிலர்காரனைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவன் பில்லை ஜெஸ்ரினுக்கு அனுப்புவான், ஜெஸ்ரின் றஜீனாவுக்குச் சொல்லுவான். ஒருத்தனையும் நம்ப ஏலாது. யாக்கோப்பு யோசித்தார். வீடு குளிர்ந்தால் என்ன, பெட்டிக்குக் குளிராவிட்டால் சரிதானே?

கண் மட்டும் தெரிகிற தன் கம்பளித் தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்கு மாட்டினார். மாட்டிவிட்டுப் பார்த்தால் அசல் தலையாட்டியேதான்.

"இப்பதானடா உனக்குச் சரியான உடுப்பு" என்றார்.

பிறகு சுடுதண்ணிப் பையை நிரப்பி அதன்மேல் வைத்து, விழாமல் ஸ்டூலில் இருந்து தோளால் முண்டுகொடுத்தார். பதின்மூன்று. பதினேழு. இருபத்திரண்டு! வீடு முழுக்கப் புகையாக மூச்சு விட்டுக்கொண்டு யாக்கோப்பு சிரித்தார். சூடு தோளுக்கும் நல்ல சுகமாக இருந்தது. கண் சொருகியது.

விழித்தபோது மணி பத்தரை. பை பச்சைத்தண்ணியாகிப் போயிருந்தது. போதாததற்கு மூடி கசிந்து, தொப்பி, பெட்டி, அவருடைய காலுறை எல்லாம் ஈரம். பெட்டியில் ஒன்பது. பச்சை லைட் மினுக், மினுக், மினுக். மூன்று பேருக்கு மூன்று மினுக்கு.

"தேவடியாப் பெட்டி" என்றார் யாக்கோப்பு.

உடனே போன் அடித்தது. மகள்தான், வேறு யார். அவர் எடுக்கவில்லை. முழங்கால் வருத்தத்தால் கட்டில் கீழ் அறையிலேயே கிடந்தது. ஈரக் காலுறையை உரித்து எறிந்துவிட்டு, இருந்த வெள்ளைப் போர்வை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மல்லாக்கப் படுத்தார். நித்திரையான ஆளைக் காருக்குள் ஏற்ற ஏலாதுதானே.

அந்த மூன்றாவது மெசேஜ் போனது இரண்டு தெரு தள்ளியிருந்த மெற்றில்டாவுக்கு. கோயிலில் செபமாலைக்கு அவர்தான் தலைவி, யாக்கோப்பு வீட்டுக் கதவைத் திறக்கிற திறப்பு ஒன்றும் அவரிடம் இருந்தது. அவருடைய நம்பரைப் போன கிழமைதான் பெட்டியில் சேர்த்தார்கள்; மாமாவுக்கு ஏதும் நடந்தால் உங்களுக்கு மெசேஜ் வரும் என்று மட்டும் ஜெஸ்ரின் சொல்லிவைத்திருந்தான். பெட்டி பூட்டும்போது, இந்த இடத்துக்கு என்ன பேர் என்று அது கேட்டிருக்கிறது. மருமகன் மாமாவின் பேரைப் போட்டுவிட்டான். ஆகவே வந்த மெசேஜ் இதுதான்:

யாக்கோப்பு கோல்ட். 9.

மெற்றில்டா நெஞ்சில் சிலுவை போட்டார். யாக்கோப்பண்ணை குளிர்ந்திட்டார், சீவன் போட்டுது. ஒன்பது மணிக்கே.

அரைமணித்தியாலத்தில் கதவு திறந்தது. யாக்கோப்பு கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். சட்டன் ஆட்கள் இவ்வளவு கெதியாக வருவார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

"யாக்கோப்பண்ணை!" மெற்றில்டா போர்வைக்கு வெளியே நின்ற காலைத் தொட்டார். "ஐயோ மாதாவே, ஐஸ்!"

"அம்புலன்சுக்கு அடிப்பமே?" என்றது ஒரு குரல்.

"அது முடிஞ்சுது ஞானம். மெசேஜே வந்திட்டுது. பெரிய பானையை அடுப்பில வை, சனம் வரும்."

வந்தது. பனிக்குள் வழுக்கி வழுக்கி, மடக்குக் கதிரை காவிக்கொண்டு, முப்பது பேருக்கு மேல். அடுப்பு நாலிலும் தேத்தண்ணி கொதித்தது. தொண்டை கிழியச் செபமாலை சொன்னார்கள். யாக்கோப்பு அசையவில்லை. செத்ததாக நினைத்தாலும் பரவாயில்லை, சவத்தைச் சட்டனுக்குக் கொண்டுபோகமாட்டார்கள்.

செபமாலைக்கு இடையில் மெற்றில்டா மூக்கைச் சீறினார். "எப்பிடிப்பட்ட மனுசன். ஒருத்தருக்கும் ஒரு பொய் சொல்லாது."

"பொய் சொல்லாதோ?" ஞானம் என்கிற பலசரக்குக் கடை ஞானேஸ்வரன் கால்மாட்டில் நின்று தேத்தண்ணி உறிஞ்சினான். "சீட்டு விளையாடேக்க துருப்பைக் காலுறைக்குள்ள ஒளிக்கிற ஆள். நான் கண்ணால கண்டனான் அக்கா."

"எடேய்!" யாக்கோப்பு எழும்பி இருந்தார். "நீ தோத்ததுக்கு என்ர காலுறை என்னடா செய்யும்?"

ஒரு கதிரை விழுந்தது. ஒரு பானை விழுந்தது. தவமலர் என்ற பொம்பிளை ஜன்னலால் வெளியேறப் பார்த்தாள். அந்த அமளிக்குள் மெற்றில்டாவின் கையில் போன் கிணுகிணுத்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.

"யாக்கோப்பு ஓகே. பத்தொன்பது."

எல்லாரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

"இப்பதான் தெரியுமாக்கும் அதுக்கு" என்றார் யாக்கோப்பு.

முப்பது உடம்பும் நாலு அடுப்பும் வீட்டைப் பத்தொன்பது டிகிரிக்குச் சூடாக்கியிருந்தன. பொயிலர் செத்தபடியேதான் கிடந்தது.

றஜீனாவும் ஜெஸ்ரினும் வந்து சேர இரண்டரை ஆயிற்று. வழியெல்லாம் கார்கள் குறுக்கே நின்றனவாம். செத்த செய்தி போனில் கிடைத்ததாம், எழும்பின செய்தி கிடைக்கவில்லையாம். அழுது வீங்கிய முகத்தோடு உள்ளே வந்த மகள், தகப்பன் நடுக்கட்டிலில் இருந்து முறுக்குக் கடிப்பதைக் கண்டதும் அழுகையை விட்டுவிட்டாள்.

"சூட்கேஸ் எங்க?"

"என்னத்துக்குப் பிள்ளை? உன்ர பெட்டியைக் கேள். ஓகேயாம்."

"முதல் கோல்ட் எண்டது?"

"கோல்ட் எண்டவுடன அரைமணித்தியாலத்தில முப்பது சனம் கதிரையோட வந்து நிண்டுது. நீ வரேக்க இரண்டரை. சட்டனில நான் குளிர்ந்து கிடந்தால் ஆர் வருவினம், உந்த ரெண்டு பூனையோ?"

றஜீனா வாயைத் திறந்தாள். கதிரை மடக்கிக்கொண்டிருந்த சனமெல்லாம் அவளையே பார்த்தது. மெற்றில்டா ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அவள் கையில் திணித்தார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

"நாளைக்குக் கதைப்பம்" என்றாள் கடைசியில். றஜீனா நாளைக்கு என்றால் இல்லை என்று அர்த்தம். சின்னப்பிள்ளையிலிருந்து அப்படித்தான்.

ஜெஸ்ரின் பின்பக்கம் போய்ப் பார்த்தான். பொயிலரின் கழிவுத்தண்ணி போகிற குழாய் சுவருக்கு வெளியே ஐஸ்கட்டியாகி அடைத்திருந்தது. செத்தவீட்டுத் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணியில் மிச்சத்தை இளஞ்சூடாக்கி ஊற்றினான். பொயிலர் இருமி, குசுகுசுத்து, பத்திக்கொண்டது.

"மாமா, பிழை என்னிலதான்" என்றான், பெட்டியைக் கழற்றித் துடைத்தபடி. "இடத்தின்ர பேரில உங்கட பேரைப் போட்டிட்டன். மாத்துவம். வீடு எண்டு போடவோ?"

யாக்கோப்பு முறுக்கை வைத்துவிட்டு நல்லாக யோசித்தார்.

"வேண்டாம் தம்பி. உம்மட பேரைப் போடும்."

அடுத்த தரம் பொயிலர் நின்றால் மெற்றில்டா கதிரைகளோடு எங்கே போவார் என்று அவருக்குத் தெரியும். சட்டன் பூனைகளும் கொஞ்சம் செபமாலை கேட்கட்டும்.