வலக்கைக்கு ஒரு செட்

பதினாறு வருஷமாக டாக்டரின் கோல்ஃப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தவருக்கு மைதானத்தில் ‘நிழல்’ என்றே பேர் விழுந்துவிட்டது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார்.

அந்த மைதானத்தில் உதவிப் பயிற்சியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பை தூக்குகிறவர்களும் வரலாம். ஆனால் சொந்த மட்டை, காலர் வைத்த சட்டை, முறையான ஷூ எல்லாம் இருக்கவேண்டும். நிழலுக்கு ஆட்டம் கைவந்த ஒன்று. வெயில் ஏறி உறுப்பினர்கள் வீட்டுக்குக் கிளம்பியபின், எவரோ வீசியெறிந்த ஒற்றை மட்டையை வைத்துக்கொண்டே கற்றுக்கொண்டவர். மட்டைகளை முழு செட்டாக வாங்கத்தான் வழியில்லை. “எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன், நீ பேரைக் குடு” என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆகவே வியாழக்கிழமை, “கடைக்கு வா, ஒரு செட் எடுக்கணும்” என்று அவர் கூப்பிட்டபோது நிழலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைக்காரர் எடுத்தவுடன் வலக்கையா இடக்கையா என்று கேட்டார். வலக்கை என்றார் டாக்டர். டாக்டரோ இடக்கைக்காரர். தினமும் அவருடைய கையுறையை எடுத்துக் கொடுக்கிற நிழலுக்கு அது தெரியாதா? அப்படியானால் இந்த செட் யாருக்கு, வலக்கைக்காரரான தனக்குத்தானே? இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிற்று.

“இவனை அளந்துக்குங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் நாற்காலியில் சாய்ந்து போனை எடுத்துக்கொண்டார்.

கடைக்காரர் நிழலை நிமிர்ந்து நிற்கவைத்து, மணிக்கட்டிலிருந்து தரைவரை நாடா பிடித்தார். பிறகு ஒவ்வொரு மட்டையாகக் கொடுத்து வலைக்குள் அடிக்கச் சொன்னார். பளபளவென்று இருந்த முதல் செட்டைத் தண்டு விறைப்பு, பந்து வலப்பக்கம் ஓடுகிறது என்று நிழல் ஒதுக்கினார். அடுத்ததற்குக் கைப்பிடி தடிமன் என்றார். விலை கூடியதையெல்லாம் வரிசையாகத் தள்ளிவிட, என் பிழைப்பில் மண்ணைப் போடத்தான் வந்தீர்களா என்று கடைக்காரர் சிரித்தார். கடைசியில் அலங்காரமே இல்லாத ஒரு செட் கையில் உட்கார்ந்தது. பத்துப் பந்தும் வலையின் நடுவில் போய் விழுந்தன.

சட்டை நீலத்தில் எடுத்தார். தோளைச் சுழற்றினால் பிடிக்காத தையல். அடியில் ரப்பர்க் குமிழ் வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நான்கு நடை நடந்தார். உள்ளே இருந்த ஆளை அவருக்கே பிடித்திருந்தது.

“எல்லாத்தையும் பரிசுத்தாள்ல சுத்திடுங்க. மாப்பிள்ளைக்குப் பொறந்தநாள்” என்றார் டாக்டர். “உயரம், பருமன், கால் அளவு எல்லாம் அச்சு அசல் இவன்தான். அதான் கூட்டிட்டு வந்தேன்.”

கடைக்காரர் நிழலைப் பார்க்கவில்லை. தாளைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

“உன் விஷயம் ஞாபகம் இருக்குப்பா. என் பழைய செட் சும்மாதான் கிடக்கு. எடுத்துக்கோ.”

“அது இடக்கை செட்டு சார்.”

“ஆமா. நீயும் இடக்கைதானே?”

வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால்கூட நிழல் தாங்கியிருப்பார். பதினாறு வருஷத்தில் இந்த மனிதர் ஒருநாளும் நிழலின் கையைப் பார்க்கவில்லை. இப்போது கண்முன்னால் அத்தனை பந்து அடித்தபோதும் பார்க்கவில்லை.

டாக்டர் பேசிக்கொண்டே போனார். ஞாயிறு காலை மாப்பிள்ளை முதல்முதலாக ஆட வருகிறாராம். மட்டை புதுசு, நிழல்தான் பை தூக்கிக்கொண்டு கூடவே நின்று சொல்லித்தரவேண்டுமாம்.

“ஞாயித்துக்கிழமை எனக்குத் தேர்வு சார்.”

“மட்டை இல்லாம என்ன தேர்வு?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

நிழல் உள்ளே போய் ஷூவைக் கழற்றிக் கயிறுகளை உள்ளே செருகினார். நீலச் சட்டையை மடித்து வைத்துவிட்டுத் தன் சட்டையில் வெளியே வந்தார். டாக்டர் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, கண்ணாலேயே புது மட்டைப் பையைக் காட்டினார். பழக்கதோஷம், கை வாரைப் பிடித்துவிட்டது. பிடியை விட்டார்.

“அளவு குடுத்தாச்சு சார். தூக்கறதுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க.”

பேருந்து நிறுத்தத்தில் மனைவி போன் செய்தாள். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

“தேர்வுக்குச் சட்டை என்ன கலர்ல எடுத்தாரு?”

“நீலம்” என்றார்.