ஒரே வியாழனுக்கு மூன்று தாள்கள்

செக் ஷீட்டில் நான்கு கையெழுத்துக் கட்டங்கள் இருந்தன. பிரஸ் ஓட்டும் முனுசாமிக்கு ஒன்று, பிசிறு தேய்க்கும் ஜெபாவுக்கு ஒன்று, செக்கிங் பார்க்கும் நர்மதாவுக்கு ஒன்று, பெட்டியில் அடுக்கும் ஸ்டீவனுக்கு ஒன்று. மணிக்கு ஒருமுறை நான்கு பேரும் வந்து, ஆளுக்கு ஒரு பீஸை எடுத்துப் பார்த்து, ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு முப்பத்திரண்டு கையெழுத்து.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பைக்கின் கால்மிதிக்கு இரும்புப் பட்டை செய்யும் கம்பெனி அது. பட்டையில் மூன்று துளைகள் இருக்கும். மணிக்கு இருநூறு பட்டை டார்கெட். கையெழுத்துக்காக நான்கு பேரும் நடந்தால் நூற்றெண்பதில் நின்றுவிடும் என்று முனுசாமி கண்டுபிடித்தார். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். திங்கள் முனுசாமி, செவ்வாய் ஜெபா, புதன் ஸ்டீவன், வியாழன் நர்மதா. முறைக்காரர் அன்றைக்கு நால்வருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். வெள்ளி, சனிக்கு யார் கை சும்மா இருக்கிறதோ அவர்.

ஆறு மாதத்தில் எல்லோருக்கும் எல்லோருடைய கையெழுத்தும் படிந்துவிட்டது. முனுசாமியுடையது வால் அறுந்த பல்லி மாதிரி இருக்கும். நர்மதாவுடையதுதான் கஷ்டம், முழுப் பெயர், அடியில் இரண்டு புள்ளி. ஒருமுறை பேங்கில் தன் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பியபோது, ஸ்டீவனைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று முனுசாமி யோசித்தார். அந்த வருடம் சிறந்த குழு என்று கம்பெனி அவர்களுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தது. நான்கு பேருக்கு ஒன்று. அதையும் முறை வைத்தே வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

நால்வரில் நர்மதா மட்டும் கான்ட்ராக்ட். மூன்று வருடமாகக் கழுத்தில் மஞ்சள் கயிறு. அதாவது அடையாள அட்டையின் கயிறு. பெர்மனென்ட்டுக்கு நீலம். நீலக் கயிறு இருந்தால் கம்பெனி பஸ்ஸில் ஏறலாம். அது பொன்னேரி வழியாக ஆரணி வரை போகிறது, ஆரணியில் நர்மதாவின் தெருமுனையில் நிற்கிறது. மஞ்சள் கயிறு என்பதால் அவள் ஆரணியிலிருந்து டவுன் பஸ், பொன்னேரியிலிருந்து ரயில், ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ என்று மூன்று வண்டி மாறி வந்தாள். போகும்போது அதே மூன்று, தலைகீழாக. வருகிற ஒன்றாம் தேதி அவளுக்கு நீலக் கயிறு என்று பேச்சு. லிஸ்டில் பெயரைப் பார்த்ததாக வாட்ச்மேன்கூடச் சொல்லியிருந்தார்.

அந்த வியாழக்கிழமை அவள் மகளுக்குக் காய்ச்சல். லீவு போட்டாள். கையெழுத்து முறை அவளுடையது.

மதியம் சாப்பிட்டதும் ஜெபாவுக்கு அது ஞாபகம் வந்தது. பாவம், லீவில் இருக்கிறவளுக்குக் கெட்ட பேர் வேண்டாம் என்று ஒரு ஷீட் எடுத்து, நாள் முழுதுக்குமாக முப்பத்திரண்டு கையெழுத்தையும் போட்டு ஃபைலில் செருகினாள். டீ நேரத்தில் முனுசாமிக்கும் அதே இரக்கம் வந்தது. ஷிஃப்ட் முடியும்போது ஸ்டீவனுக்கு. செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று மூவரும் அடுத்தவரிடம் மூச்சு விடவில்லை.

இதற்கு நடுவே இரண்டு மணி சுமாருக்கு பிரஸ்ஸில் துளை போடும் பின் ஒன்று உடைந்தது. அதற்குப் பிறகு வந்த பட்டைகளில் இரண்டு துளைகள்தான் இருந்தன.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை, பெட்டிகள் திரும்பி வந்தன. குவாலிட்டி மேனேஜர் சந்திரமோகன் ஃபைலைத் திறந்தார். ஒரே தேதிக்கு மூன்று தாள்கள். மூன்றிலும் எல்லாமே ஓகே. வருகைப் பதிவேட்டையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

நால்வரையும் கூப்பிட்டு தாள்களை மேஜையில் பரப்பினார். ஐந்து மணிக்குள் கஸ்டமருக்கு மெயில் போக வேண்டும், அதில் காரணமானவர் என்று ஒரு பெயர் இருக்க வேண்டும் என்றார். செக்கிங் கட்டத்தில் இருக்கும் பெயரைக் கொடுப்பதுதான் வழக்கம், கான்ட்ராக்ட் என்றால் வேலையை விட்டு நிறுத்தப் பேப்பர் வேலையும் குறைவு என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை.

"சார், நான் அன்னிக்கு வேலைக்கே வரலியே" என்றாள் நர்மதா.

"அதாம்மா எனக்கும் புரியல. வராத ஆளு நீ எப்படி மூணு தடவ பாஸ் பண்ண?"

மூவரும் மூன்று தாள்களையும் பார்த்தார்கள். அவரவர் கைவேலை அவரவருக்குத் தெரிந்தது. முனுசாமிக்கு வீட்டில் இரண்டு கல்லூரி ஃபீஸ். இருந்தும் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அந்த நடு ஷீட்டு நான் போட்டது சார்."

"இன்னாணா, நீயுமா போட்ட?" என்றாள் ஜெபா. "ஓரத்துல கீறது என்னுது சார்."

மிச்சம் இருந்த தாளை எல்லோரும் பார்த்ததில் ஸ்டீவனுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. "புள்ளிய நான்தான் கரெக்டா வெச்சிக்கீறேன்" என்றான்.

சந்திரமோகன் மனக்கணக்குப் போட்டார். மூவரையும் வெளியே அனுப்பினால் திங்கட்கிழமை ஆயிரத்து அறுநூறு பட்டையை அவரேதான் அடிக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'குழுவின் கூட்டுப் பொறுப்பு' என்று டைப் செய்தார். தண்டனையும் கூட்டாகவே வந்தது: குழுவில் உள்ள எல்லோருக்கும் பெர்மனென்ட் ஆவது ஆறு மாதம் தள்ளிவைப்பு. மூன்று பேர் ஏற்கெனவே பெர்மனென்ட். தள்ளிவைக்க நர்மதாவிடம்தான் ஏதோ இருந்தது.

வெளியே தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றார்கள். வேலையாவது மிஞ்சியதே என்று ஜெபா ஆறுதல் சொன்னாள். நர்மதா தலையாட்டினாள். முகம் கழுவினாள். துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கோசரம் போட்டீங்க, சரி. யாராச்சும் ஒரு பீஸ எட்த்து பாத்தீங்களா?"

முனுசாமி குழாயை இறுக்கி மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"பாக்கலாம்னுதான் இருந்தேன்" என்றான் ஸ்டீவன். "உன் கையெழுத்த போட்டு முடிச்சனா, நீயே பாத்துட்டா மாதிரி ஆயிடுச்சி."

அவன் பொய் சொல்லவில்லை. அதனால் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் புது செக் ஷீட் வந்தது. நடந்த தவறு மறுபடி நடக்காமல் இருக்க ஐந்தாவதாக ஒரு கட்டம்: குவாலிட்டி மேனேஜர், நாளின் முடிவில். வியாழக்கிழமை நர்மதா மூன்று வண்டி மாறி வந்து, ஒரு பட்டையை எடுத்தாள். துளைகளை எண்ணினாள். தன் கட்டத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டாள். பிறகு தாளையும் பட்டையையும் எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாகப் போய் நின்றாள். முனுசாமி டார்கெட்டைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார், அவள் நகரவில்லை. அவர் எண்ணினார். ஜெபாவும் எண்ணினாள். ஸ்டீவன் நான்கு துளை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு மூன்றாகக் குறைத்துக்கொண்டான். மணிக்கு மணி இப்படியே. அன்றைக்குக் கணக்கு மணிக்கு நூற்றெண்பத்து மூன்றில் நின்றது.

ஐந்து மணிக்கு அவள் சந்திரமோகன் அறைக்குப் போனாள். அவர் பையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். பொன்னேரியில் வீடு, அவருக்கும் கம்பெனி பஸ்தான்.

"நீயே போட்டுடும்மா. உங்க டீமுக்குதான் எல்லார் கையெழுத்தும் வருமே."

நர்மதா பட்டையை அவர் கீபோர்டு மேல் வைத்தாள்.

"எண்ணுங்க சார்."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவளுக்கு அவசரம் இல்லை. அந்த பஸ்ஸில் அவள் ஏற இன்னும் ஆறு மாதம் இருந்தது.