வாபஸ் வாங்காத பிராது

கணவன் குடிப்பதாகக் கனகா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டியது இது இரண்டாவது முறை. குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டால் முருகன் விசாரித்துத் தீர்ப்பார். தீர்ந்ததும் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். போன சித்திரையில் கணவன் பழமலைநாதன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். இவளும் உச்சி குளிர்ந்து மறுநாளே ஓடிப்போய் வாபஸ் வாங்கிவிட்டாள். அவசரக்குடுக்கை! ஒரு வாரம் தாங்கவில்லை, அவன் மறுபடி ஒயின்ஷாப் வாசலில் நின்றான். இவளும் மறுபடி பிராது கட்டினாள்.

இப்போது வலது விலாவுக்குக் கீழே கனக்கிறதென்று தான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் பொம்மை வார்க்கும் அச்சைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். அதற்குத்தான் இன்று வெறும் வயிற்றோடு ஸ்கேன் சென்டர் வந்திருந்தார்கள்.

அவனுக்கு முன்னால் கனகா மட்டும் உள்ளே நுழைந்தாள்.

“டாக்டரம்மா, என்ன தெரிஞ்சாலும் ஈரல் போயிடுச்சின்னே சொல்லிடுங்க. பயந்தாத்தான் விடுவாரு.”

“இருக்கறதத்தாம்மா சொல்லுவேன். அவர வரச் சொல்லுங்க” என்றார் டாக்டர் சாருலதா.

அவன் வயிற்றில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, “மூச்ச இழுத்துப் புடிங்க” என்று டாக்டர் திரையைப் பார்த்தபடி கருவியைத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் ஓட்டினார். தான் கேட்ட பொய்யே உண்மையாகிவிடுமோ என்று கனகாவும் திரையை எட்டிப் பார்த்தாள்.

“இது ஈரல், இது கிட்னி. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நெறமா இருக்கணும். ஒங்க ஈரல் வெளுத்துப் போயிருக்குது, கொழுப்பு. ஆனா ஓரம் வழுவழுன்னு இருக்குது, வயித்துல தண்ணி கோக்கல. இப்ப குடிய விட்டா சரியாகும். விடலைன்னா இறுகிடும், அப்புறம் பழையபடி ஆவாது. மூணு மாசத்துல திரும்ப வாங்க.”

பழமலைநாதன் திரையையே பார்த்தான். “சுடாத பொம்மை ஒடஞ்சா கரைச்சித் திரும்ப ஊத்திக்கலாங்க. சூளைக்குள்ள போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது.”

“அதேதான்” என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் கனகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் நிற்கவில்லை.

“ஏங்க, இப்பவே பஸ்ஸேறி கோயிலுக்குப் போயிடலாம். பிராத வாபஸ் வாங்கிட்டு வந்துடறேன்.”

பழமலைநாதன் இந்த முறை சத்தியம் செய்யவில்லை.

“வேணாம் கனகா. போன தடவையும் இப்படித்தான் என்னை நம்பிட்ட. அடுத்த ஸ்கேன் வரைக்கும் அது அங்கயே கெடக்கட்டும்.”