பாதி விலைத் திருக்கைகள்

விலையைக் கேட்டதுமே அருள்பாண்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆணும் பெண்ணுமாக இரண்டு அமேசான் திருக்கை மீன்கள். சாப்பாட்டுத் தட்டை விடப் பெரியவை, நன்றாக இரை எடுப்பவை. அவற்றைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஏதும் நோயா என்று போனில் கேட்டான். இல்லை என்றார் அலங்காநல்லூர் வெள்ளைத்துரை. ஊரைவிட்டுப் போகிறீர்களா என்றான். அதுவும் இல்லை. காரணத்தைச் சொல்லாமல், தொட்டி எம்புட்டுப் பெருசு என்று அவர்தான் திருப்பிக் கேட்டார்.

அருள்பாண்டி செல்லூரில் விசைத்தறி மெக்கானிக். கடலில் அல்லாமல் ஆற்றுத் தண்ணீரில் வாழும் திருக்கைகள் உண்டு என்று ஒரு வீடியோவில் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நான்கு மாதமாக அவற்றுக்கு இடம் கட்டிக்கொண்டிருந்தான். திருக்கைக்கு உயரமான தொட்டி வேண்டாம், அகலமான தரை வேண்டும். அந்த அகலத்துக்குக் கண்ணாடித் தொட்டி வாங்க அவனுக்கு வசதியில்லை. அதனால் பத்தடிக்கு ஆறடியில் ஹாலோபிளாக் கல்லை மூன்று வரிசை அடுக்கி, உள்ளே பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற கறுப்புத் தார்ப்பாயை மடித்து இறக்கினான். தண்ணீரைச் சுத்தம் செய்ய இரண்டு நீல டிரம். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் குடியேறுவதற்குக் கடையில் விற்கிற உருண்டைகளை வாங்காமல், தறிப் பட்டறைகளில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் நூல் கோன்களைத் துண்டுதுண்டாக நறுக்கி ஸ்பாஞ்சோடு சேர்த்து டிரம்களில் நிரப்பினான். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்று மாடியில் பிடித்த மழைத்தண்ணீரைக் கலந்தான். தண்ணீருக்குக் கொஞ்சம் புளிப்பேற்றக் காய்ந்த பாதாம் இலைகளைப் போட்டான். தண்ணீர் வரக்காப்பி நிறத்துக்கு வந்தது.

வெள்ளைத்துரை மீனைக் கொடுப்பதற்கு முன்னால் இடத்தைப் பார்க்க வந்தார். ஐம்பது வயதிருக்கும். மல்லிகைத் தோட்டக்காரர். தொட்டியைச் சுற்றிவந்து ஜாண் போட்டு அளந்தார், மணலை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்துத் தொட்டி, கதவு, கூரை, வீட்டுக்குள் போகும் வழி என்று எல்லாவற்றையும் படம் எடுத்தார்.

அருள்பாண்டியின் மனைவி சுபலட்சுமி அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும், மீன் வாங்க வருகிறவன்தான் இடம் பார்ப்பான், விற்க வருகிறவன் எதற்குக் கதவைப் படம் எடுக்கிறான் என்று கேட்டாள். பாதி விலைக்கு விற்றுவிட்டுப் பிறகு ஆள்விட்டுத் தூக்கிவந்து இன்னொருவனுக்கு விற்கிற கூட்டம் ஒன்று திரிவதாக மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் பேச்சிருந்தது. அருள்பாண்டி கொட்டகைக் கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்கி மாட்டினான். ஆனாலும் ஆசை விடவில்லை. அடுத்த வாரம் திருக்கைகள் வந்து சேர்ந்தன.

கறுத்த உடம்பில் ஆரஞ்சு வட்டங்கள். தரையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும். நின்ற இடத்தில் ஓரங்களைப் படபடவென்று அடித்து மணலை மேலே வாரிப் போட்டுக்கொண்டு, கண்கள் மட்டும் தெரியக் கிடக்கும். அருள்பாண்டி வேலை முடிந்து வந்தால் சாப்பாட்டை மறந்து அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

வெள்ளைத்துரை ஞாயிறுதோறும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ கொண்டுவந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்பார். அரை மணி நேரம் தொட்டியருகே குந்தியிருந்துவிட்டுக் காப்பி கூடக் குடிக்காமல் போய்விடுவார். நடுவில் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் சத்தத்தை அமர்த்திவிடுவார். அதையும் சுபலட்சுமி பார்த்துவைத்துக்கொண்டாள்.

ஏழாவது ஞாயிறு அருள்பாண்டி ஒரு பட்டறைக்கு அவசர வேலையாகப் போயிருந்தான். சுபலட்சுமி கதவைத் திறந்துவிட்டு வெள்ளைத்துரையை உட்காரச் சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது அவர் டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். என்ன செய்தார் என்று சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

புதன்கிழமை பெண் திருக்கை இரையைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை அதன் ஓரங்கள் பொரித்த அப்பளம் போல மேல்நோக்கிச் சுருண்டன. ஓரம் சுருண்டால் பிழைப்பது அரிது என்று அவன் படித்திருந்தான். சொட்டு மருந்து விட்டுத் தண்ணீரைச் சோதித்தான். அம்மோனியா இல்லை, மற்றவையும் சரியாகத்தான் இருந்தன. அப்போதுதான் சுபலட்சுமி ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைச் சொன்னாள்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா நீங்க அவர அடிக்கப் போயிருவீக. ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம்னு நெனச்சேன்."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அலங்காநல்லூருக்குப் போனான். வழியெல்லாம் பேசவேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டே போனான். என்னத்தையோ கலந்துவிட்டு, மீன் உன்னிடம் பிழைக்காது என்று திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டம் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது.

வெள்ளைத்துரையின் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதன் ஒரு பக்கச் சுவரை யாரோ கடப்பாரையால் இடித்திருந்தார்கள். அவருடைய மனைவி மாயக்காள் வலது காலை ஊன்றாமல் விந்தி விந்தி வந்து யார் என்று கேட்டாள். திருக்கை வாங்கிய செல்லூர்க்காரன் என்றான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நெசமாவே வித்துட்டாரா? தோட்டத்துல மோட்டார் ரூமுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காருன்னுல்ல நெனச்சேன். போட்டோவக் காட்டுனாரு. யாரு வீட்டுப் போட்டோவோன்னு நான் நம்பல."

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு மாதத்துக்கு முன் தொட்டியைக் கழுவ இறங்கியவள் மணலுக்குள் கிடந்த திருக்கையை மிதித்துவிட்டாள். வால் முள் பாதத்தில் ஏறிவிட்டது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார்கள். அந்த மீன் இருக்கிற வீட்டில் நான் இருக்கமாட்டேன் என்று சொல்லித் தொட்டியை இடித்தது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மனுஷன் பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாட்டுத்தாவணிக்குக் கிளம்புவதைப் பார்த்து அவளுக்கு வேறு சந்தேகமும் இருந்திருக்கிறது. அது எந்தச் சந்தேகம் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவனுக்கே புரிந்தது.

தோட்டத்திலிருந்து வந்த வெள்ளைத்துரை, வாசலில் அருள்பாண்டியைக் கண்டு முகம் வெளுத்து நின்றார்.

"டிரம்முக்குள்ள என்னத்தப் போட்டீக?" என்றான் அருள்பாண்டி.

"ஒண்ணும் போடல தம்பி. தண்ணி மெதுவா விழுந்துச்சு. ஸ்பாஞ்சு அடைச்சிருக்கான்னு பாத்தேன். உங்க வீட்டுப் பொருள்ல கை வச்சிட்டமேன்னு சங்கட்டமாப் போச்சு." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஏன், என்ன ஆச்சு?"

சொன்னான். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியில் ஏறிக்கொண்டார். போகும் வழியில் பின்னாலிருந்து தானாகவே பேசினார். குத்திய மீன் என்று தெரிந்தால் யாரும் வாங்கமாட்டார்கள், அதனால்தான் மறைத்தேன் என்றார். அவள் மிதித்தது ஆணைத்தான், அது பயந்துபோய்க் குத்தியதே தவிர வேறு குற்றமில்லை என்றார். கடைக்காரர்கள் அதிக விலைக்குக் கேட்டும் சின்னக் கண்ணாடித் தொட்டியில் அடைத்துவிடுவார்கள் என்று கொடுக்கவில்லையாம். நல்ல இடம் கிடைத்தால் போதும் என்றுதான் பாதி விலை சொன்னாராம். நம்புவதா வேண்டாமா என்று அருள்பாண்டிக்கு இன்னும் தெரியவில்லை.

கொட்டகையில் வெள்ளைத்துரை மீனைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு குழாய்களைத் தடவிக்கொண்டே போய், டிரம்மிலிருந்து தண்ணீர் திரும்பும் இடத்தில் நின்றார். இது எப்போது மாட்டியது என்று கேட்டார். பிளாஸ்டிக் வால்வு ஒழுகியதால் போன மாதம் பழைய இரும்புக் கடையில் எடுத்து மாட்டிய பித்தளை வால்வு. அதைக் கழற்றச் சொன்னார். உள்பக்கம் பச்சைப்பசேலென்று களிம்பு ஏறியிருந்தது.

சுபலட்சுமிதான் முதலில் பேசினாள். "ஈயம் பூசாத பித்தளையில புளிக்கொழம்பு வச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். இந்த எலத் தண்ணிக்கும் அதே கதைதானா?"

ஆமாம் என்று தலையசைத்தார் வெள்ளைத்துரை. செம்பு கரைந்தால் திருக்கை தாங்காது. அருள்பாண்டியின் சோதனைப் பெட்டியில் செம்புக்கு மருந்து இல்லை. அது தனியாக விற்பது, வேண்டாமென்று விட்டுவிட்டான்.

அவன் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தான். இவ்வளவு நாளும் கதவைப் பூட்டிக் காவல் காத்துக்கொண்டு, உள்ளே தன் கையாலேயே விஷம் வைத்திருக்கிறான். "அண்ணே, உங்களத் திருடன்னு நெனச்சேன்" என்றான்.

"தெரியும். ரெண்டாவது பூட்டப் பாத்தப்பவே தெரியும்" என்றார் அவர், தண்ணீரை இறைத்துக்கொண்டே.

மூவருமாகப் பாதித் தண்ணீரை மாற்றினார்கள். கரித்தூள் பைகளை டிரம்மில் போட்டார்கள். பெண் திருக்கை ஞாயிறு மதியம் செத்துப்போனது. வெள்ளைத்துரையே அதை ஈரத்துணியில் சுற்றித் தோட்டத்துக்கு எடுத்துப்போனார். ஆண் பத்து நாள் பட்டினி கிடந்து, பிறகு ஒரு மண்புழுவை எடுத்தது. அதன்பின் தேறிவிட்டது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மாயக்காளும் கூட வந்தாள். தன் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். கொட்டகைச் சுவரோடு ஒட்டி நின்றபடி தொட்டியை எட்டிப் பார்த்தாள். திருக்கை மணலை உதறிக்கொண்டு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றியது.

"இதுதானா என்னயக் குத்துனது?" என்று கேட்டாள்.

"இல்ல. செத்துப்போச்சுல்ல, அதுதான்" என்றார் வெள்ளைத்துரை.

அன்று வண்டியில் ஆண்தான் என்று சொன்னவரை அருள்பாண்டி பார்த்தான். அவர் கிண்ணத்தில் இருந்த இறாலை உரிப்பதில் மும்முரமாக இருந்தார். மாயக்காள் புருஷனையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னைக் குத்தியதற்கும் இதே மாதிரிதான் புள்ளி இருந்தது என்றாள். சுபலட்சுமி காப்பி போடுவதாகச் சொல்லி உள்ளே போனாள். அன்றைக்கு வெள்ளைத்துரை முதன்முறையாக அந்த வீட்டில் காப்பி குடித்தார். மாயக்காள் கடைசிவரை தொட்டிப் பக்கத்தில் வரவில்லை. காலை மட்டும் கவனமாகப் பின்னால் இழுத்துவைத்துக்கொண்டு, அது வாலை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று பார்த்தபடியே நின்றாள்.