தஞ்சோங் ரம்புத்தான் பஸ்

புத்தகப் பெட்டிகள் வந்து இறங்கியபோது தினேஸ்வரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லாரிக்காரன் கார் நிற்கும் இடத்தில் பெட்டிகளை அடுக்கிவிட்டுப் போனான். கைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுச் சாவியாலேயே ஒரு பெட்டியின் டேப்பைக் கிழித்தாள். பதிப்பகம் ஆரம்பித்த நாளிலிருந்து இந்த அவசரம் அவளுக்குப் போகவில்லை. முதல் பிரதியை எடுத்து நடுவில் விரித்து மூக்கில் வைத்துக்கொள்வாள். மகள் துளசி பார்த்தால் கிண்டல் செய்வாள்.

அட்டை நன்றாக வந்திருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மண் சாலை. மேலே புத்தகத்தின் பெயர். கீழே, 'அமரர் பத்துமலை'.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. பத்துமலையின் மகன் மகேந்திரன்.

"தினேஸ், அப்பா எழுந்து உக்காந்துட்டாரு."

"என்னண்ணே சொல்றீங்க?"

"குழாய எல்லாம் எடுத்துட்டாங்க. காலையில கஞ்சி குடிச்சாரு. நர்ஸ திட்டுனாரு. இப்ப புக்கு எங்கன்னு கேக்குறாரு." குரலைத் தாழ்த்தினான். "சந்தோசம்தான். ஆனா சுசாலா, இப்ப என்ன பண்றது?"

தினேஸ்வரி கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். மலைப் பக்கமிருந்து வெயில் நேராக முகத்தில் அடித்தது. குனோங் ராபாட்டில் அவர்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் நின்ற அந்தச் சுண்ணாம்பு மலையின் பெயரைத்தான் பதிப்பகத்துக்கு வைத்திருந்தாள். பகலில் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையின் கப்பல் சரக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை. மீதி நேரமெல்லாம் பதிப்பகம். கணவன் சுரேன் சிங்கப்பூரில் லாரி ஓட்டினான். மாதத்துக்கு ஒருமுறை வந்து, வீட்டில் தூங்க இடம் தேடிப் பெட்டிகளை நகர்த்துவான்.

நடந்தது இதுதான். பத்துமலைக்கு நுரையீரலில் சளி கட்டி ஐசியுவில் போட்டார்கள். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். மகேந்திரன் அவளைக் கூப்பிட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குத் தேவாரப் புத்தகத்துக்குப் பதில் அப்பா எழுதிய புத்தகத்தையே கொடுத்துவிடலாம் என்றான். அச்சகம் அத்தனை சீக்கிரம் தராது. ஆகவே ஆள் போவதற்கு முன்பே வேலையை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அட்டையில் அமரர் சேர்ந்தது. முன்னுரையில் 'எழுதுகிறார்' எல்லாம் 'எழுதினார்' ஆனது. தினேஸ்வரிக்கு அதில் தப்பு தெரியவில்லை. செத்தவரைப் பற்றி எழுத ஆரம்பித்ததும் வாக்கியங்கள் தாமாக வந்தன.

அட்டையை ஒட்டுத்தாள் வைத்து மறைத்துவிடலாம். மறைக்க முடியாதது வேறு.

ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்லியிருந்தான் மகேந்திரன்.

அது பத்துமலையின் மனைவி பாப்பாவைப் பற்றியது. கோப்பெங் பக்கம் அவர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டம் விற்றுப்போனபோது எல்லாரும் லயத்து வீடுகளைக் காலி செய்தார்கள். பாப்பா மட்டும் வர மறுத்தாள். கதவுகளைக் கழற்றிக்கொண்டு போன பிறகும், தண்ணீர் நின்ற பிறகும் அங்கேயே இருந்தாள். விடியும் முன்பே வாளியைத் தூக்கிக்கொண்டு, வெட்டிச் சாய்த்த மரங்களுக்கு நடுவே பால் எடுக்கப் போனாள். கடைசியில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஈப்போவில் யாரையாவது பைத்தியம் என்று கேலி செய்ய அந்த ஊர்ப் பெயர் ஒன்றே போதும். அவள் திரும்பி வரவில்லை, அங்கேயே செத்தாள். அதுவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பத்துமலை பஸ் ஏறிப் போய் அவளுக்குத் தலை வாரிவிட்டு வந்தார். கேட்டவர்களிடம் ஈப்போ பாசாருக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொன்னார்.

"எம் மகளுக்குப் பேசி முடிச்சிருக்கு," என்று ஆஸ்பத்திரி நடையில் வைத்துச் சொன்னான் மகேந்திரன். "அம்மா நான் சின்னப்புள்ளயா இருக்கப்பவே செத்துட்டாங்கன்னுதான் அங்க சொல்லியிருக்கேன். இப்ப நானே மண்டபத்துல நின்னு, எங்க வம்சத்துல இது இருக்குன்னு புக்கு போட்டுக் கொடுக்கணுமா? நீங்களும் பொம்பளப்புள்ளய வச்சிருக்கீங்க."

தினேஸ்வரி திருத்திய எந்தப் புத்தகத்திலும் அதைப்போல ஒரு அத்தியாயம் இருந்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். பத்துமலையும் அவளும் மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த அத்தியாயத்தில் மட்டும் அவள் பென்சில் வைக்கவே இல்லை. ஆனாலும் எடுத்துவிட்டாள். கிழவர் பிழைக்கப்போவதில்லை, மகன் உயிரோடு இருக்கப்போகிறவன். கணக்கு அவ்வளவுதான்.

பக்கங்களை அமைத்தது துளசி. இடைநிலைப் பள்ளிக் கடைசி வருஷம், ஐந்தாம் படிவம் படிக்கிறாள். கிழவரின் கையெழுத்தை வரிவரியாகத் தட்டச்சு செய்ததும் அவள்தான்.

"ஏழ எடுத்துட்டு எட்டுக்கு ஏழுன்னு போடு."

"தாத்தா இன்னும் இருக்காரு மா."

"போடுன்னா போடு."

போட்டாள்.  சாப்பிடும்போதுகூட எதிரில் புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்கிற பெண், அன்றிலிருந்து வீட்டில் புத்தகம் தொடுவதை நிறுத்தியிருந்தாள். பரீட்சை என்றாள். தினேஸ்வரி நம்புவதுபோல் இருந்துகொண்டாள்.

இன்னொன்றும் விட்டுப்போனது. அச்சுக்குப் போகும் முன் எந்தப் புத்தகத்தையும் எழுதியவர் எதிரில் வைத்து முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படிப்பது அவள் பதிப்பகத்தில் வழக்கம். எழுதியவர்கள் அப்போதுதான் "ஐயோ, அது அப்படி இல்ல" என்று துள்ளுவார்கள். பாதிப் பிழை அங்கேயே செத்துவிடும். இந்தப் புத்தகத்துக்கு மட்டும் அது நடக்கவில்லை. எழுதியவர் வாயில் குழாய் இருந்தது.

பத்துமலையைக் கோப்பெங்கில் மகன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து தினமும் போன் செய்தார்.

"தினேஸு, பிரஸ்காரன் செத்துட்டானா?"

"இல்லய்யா. பேப்பர் வரலயாம்."

"நான் செத்துருவேன்னு நெனச்சு மெதுவா பண்றானா? நல்லாயிட்டேன்னு சொல்லு அவன்கிட்ட."

அட்டை பிசகிவிட்டது என்று ஒரு நாள், மெஷின் கெட்டுவிட்டது என்று ஒரு நாள். பெட்டிகளை மகளின் அறையில் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தாள். துளசி அவற்றின்மேல் படுத்து எழுந்தாள்.

ஒரு சனிக்கிழமை தினேஸ்வரி குளித்துவிட்டு வரும்போது துளசி அவளுடைய போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துருச்சே தாத்தா. எப்பவோ வந்துருச்சு. ஆமா, வீட்லதான் இருக்கு."

போனை மேசையில் வைத்தாள். தினேஸ்வரியின் ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏன்டி சொன்ன?"

"கேட்டாரு. சொன்னேன்."

"யோசிக்க மாட்டியா?"

"நீ யோசிச்சுத்தான மா எடுத்த?"

அறைந்திருப்பாள். கை எழவில்லை. உள்ளே போய் ஒட்டுத்தாளை எடுத்து, பெயர் மட்டும் அச்சடித்து, அமரரை மறைத்து ஒரு பிரதியில் ஒட்டினாள். முன்னுரைப் பக்கத்தைப் பிளேடால் அறுத்தெடுத்தாள். துளசி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் ஏறியபோது அவளும் வந்து ஏறினாள். 

பத்துமலை சோபாவில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பாதியாகக் குறைந்திருந்தார். மகேந்திரன் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் கண் தினேஸ்வரியை விட்டு நகரவில்லை.

கிழவர் புத்தகத்தை வாங்கிக் கனம் பார்த்தார். அட்டையைக் கட்டைவிரலால் தடவினார். விரல் ஒட்டுத்தாளின் விளிம்பில் நின்றது. ரப்பர் பால் வெட்டிய நகம். ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தார்.

"அமரர்," என்று படித்தார். மகனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய நேரமாயிற்று. "நல்லா இருக்குலா. தங்கக் கலர்ல போட்டிருக்கலாம்."

"ஐயா, அது வந்து..."

"இருக்கட்டும் தாயி. எப்படியும் ஆகப்போறதுதான்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைத் தள்ளினார். முதல் அத்தியாயத்தைப் பார்க்கவில்லை, பொருளடக்கத்தையும் பார்க்கவில்லை. நேராகப் பாதிக்குப் பக்கத்தில் போனார். முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார். எச்சில் தொட்டு, ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கம் இருக்குமோ என்று தாளைத் தேய்த்துப் பார்த்தார்.

"பாப்பா எங்க?"

மகேந்திரன் தரையைப் பார்த்தான். உங்கள் மகன்தான் சொன்னார் என்பது தினேஸ்வரியின் வாயில் தயாராக இருந்தது. அது உண்மைதான். துளசி பக்கத்தில் இருந்தாள்.

"நான் எடுத்துட்டேன்யா," என்றாள்.

கிழவர் புத்தகத்தை மூடினார். கோபப்படவில்லை. கடையில் அளவு சரியில்லாத சட்டையைத் திருப்பிக் கொடுப்பதுபோல அவளிடம் நீட்டினார்.

"நான் செத்த பெறகு எடுத்திருந்தா கேட்டிருக்க மாட்டேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாம் நீ."

வாசலில் மகேந்திரன் வந்து அவள் கார் கதவைப் பிடித்தான். "மறுபடி அத சேத்தீங்கன்னா எந்த மண்டபத்துலயும் ஒரு புக்கக்கூட குடுக்க விடமாட்டேன். சொல்லிட்டேன்."

"சரிண்ணே," என்றாள். எதற்குச் சரி என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிறு காலை துளசி எழுந்து வந்தபோது, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துப் பசை டப்பா திறந்திருந்தது. போட்டோஸ்டாட் கடையில் எடுத்துவந்த ஏழாம் அத்தியாயத் தாள்களைத் தினேஸ்வரி புத்தக அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். பக்க எண் இல்லாத பக்கங்கள். எண் போட இடமில்லை. மற்ற பக்கங்கள் இடைவெளி இல்லாமல் ஓடிவிட்டிருந்தன. புத்தகத்தைப் பிளந்து, முதுகுப் பக்கம் கோடு போல் பசை தடவி ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். கை சுத்தமில்லை. ஓரம் துருத்தியது. பசை காயும்வரை மேலே அகராதியை வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒன்னுதான் ஒட்டப்போறியா?"

"இப்போதைக்கு ஒன்னு."

துளசி மேசையில் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டினாள்.  அம்மாவுக்கு முன்னால் கார்ச் சாவியை எடுத்தது அவள்தான்.

கோப்பெங்கில் மகேந்திரன் கதவைத் திறந்தான். அவர்கள் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் உள்ளறைக்குப் போய் டிவியைப் போட்டான்.

பத்துமலை புத்தகம் வீங்கிய இடத்தை விரலால் கண்டுபிடித்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார், எழுத்து ஆடுகிறது என்றார். "பொண்ணு, நீ படி. நீதான டைப் அடிச்ச."

துளசி அம்மாவைப் பார்த்தாள். வழக்கம் என்னவென்று அவளுக்குத் தெரியும். தினேஸ்வரி பையிலிருந்து பென்சிலை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

துளசி படித்தாள். உள்ளே டிவியின் சத்தம் ஏறியது. துளசியும் சத்தத்தை ஏற்றினாள்.

"'சில ஞாயிறுகளில் அவளுக்கு என்னை அடையாளம் தெரியாது. என்னைத் தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டல் என்று நினைத்து எழுந்து நிற்பாள். இன்னைக்கு மழை, பால் கம்மிதான் தண்டலே என்பாள். பரவாயில்லை, உக்காரு என்பேன். உட்கார்ந்தபின் தலையை வாருவேன். ஒரு கறுப்புச் சீப்பு. கடைசிவரை அதை அவள் தலையணைக்கடியில்தான் வைத்திருந்தாள்.'"

உள்ளே சத்தம் இறங்கியது. பிறகு முழுவதும் நின்றது. துளசி அடுத்த வரிக்குப் போக வாயெடுத்தாள்.

"கறுப்பு இல்ல."

மகேந்திரன் அறை வாசலில் நின்றான். ரிமோட் கையில் இருந்தது.

"என்னடா?"

"சீப்பு. பச்சை."

"உனக்கு என்னடா தெரியும்? ஈப்போ பாசார்ல நான் வாங்குனது. கறுப்பு."

"அது ஒடஞ்சிருச்சு. பெறகு வச்சிருந்தது பச்சை."

கிழவர் தலையணையிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது. "நீ அங்க வந்ததே இல்லயே. எப்படா பாத்த?"

மகேந்திரன் ரிமோட்டின் பின்மூடியைத் திறந்து மூடினான், திறந்து மூடினான்.

"யாருடா வாங்கிக் குடுத்தது?"

"பச்சைதான்ப்பா," என்றான் அவன். குரல் எங்கோ சிறு வயதுக்குப் போயிருந்தது. அவர்களுக்கு எதிரில் வந்து, நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

தினேஸ்வரி மகளிடமிருந்து புத்தகத்தை வாங்கினாள். ஒட்டிய பக்கத்தில் 'கறுப்பு' என்ற சொல்லுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பிறகு கிழவரைப் பார்த்தாள். எழுதியவர் தலையசைக்காமல் எதையும் மாற்றுவதில்லை என்பதும் வழக்கம்தான்.

பத்துமலை மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே, "போடு," என்றார்.

அவள் ஓரத்தில் எழுதிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மற்ற பெட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. துளசி விட்ட இடத்தை விரலால் தேடிப் பிடித்து, மேலே படிக்க ஆரம்பித்தாள்.