பதினேழாம் எண் வீட்டு ஜன்னல்

சோர்லிபோர்ட்டில் கடலை ஒட்டிய நான்கு தெருக்களில் யாரும் தம் வீட்டு முகப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கதவு, ஜன்னல், வேலி, புகைபோக்கி என்று தெருவிலிருந்து கண்ணில் படுகிற எதைத் தொட்டாலும் பழைய வீடுகளைப் பாதுகாக்கும் எங்கள் குழுவின் முன் வந்து அனுமதி வாங்க வேண்டும். குழுவில் ஐந்து பேர். சம்பளம் கிடையாது. மாதத்தின் மூன்றாம் வியாழன் மாலை ஆறு மணிக்கு ஊர் மன்றத்தின் கீழ்த்தள அறையில் கூடுவோம். பதினொரு வருடங்களாக நான்தான் தலைவி. ஹெஸ்டர் லண்ட் என்றால் ஊரில் கொஞ்சம் பயம் உண்டு. அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வின்னி பிக்ஃபோர்டும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பதினேழாம் எண் வீடு அவளுடையது, அவள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். இரண்டு தெருக்கள் சேரும் முனையில், நடைபாதையை ஒட்டியே நிற்கும் மரவீடு. இருபத்தாறு வருடங்கள் அந்த முனையில் நின்று பள்ளிப் பிள்ளைகளைத் தெரு கடத்தி விட்டாள். ஆரஞ்சு நிற மேல்சட்டை, கையில் 'நில்' என்று எழுதிய பலகை. ஒருமுறை போலீஸ் வண்டியையே நிறுத்தி, "சைரன் போடலைல்ல? அப்ப நீயும் நில்லு" என்றாளாம். எந்தப் பிள்ளைக்குப் புதுப் பூட்ஸ், எந்தப் பிள்ளை அழுதுகொண்டு வருகிறது, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அறுபத்தெட்டாவது வயதில், ஓர் ஆகஸ்ட் மாதம், அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவள் கணவன் கிளேட்டன் தெருப்பக்கத்து முன்னறையில் அவளுக்குக் கட்டில் போட்டான். சக்கர நாற்காலியில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது, சரிந்துவிடுவாள். ஆகவே நாள் முழுக்கக் கட்டில்தான்.

நான் பார்க்கப் போனபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் குறும்பு அப்படியே இருந்தது.

"வாம்மா தலைவி," என்றாள். "என் முகப்பு மாறிருச்சு பாரு. உன்கிட்ட அனுமதி வாங்கல. அபராதம் போடுவியா?"

"போடுறேன். உன் கையால சுட்ட ஆப்பிள் பை ஒண்ணு."

"அப்ப நீ கிளேட்டன் சுட்டதத்தான் திங்கணும். அதுவே தண்டனைதான்."

சிரித்தோம். அப்போது மணி மூன்று. வெளியே பிள்ளைகள் பள்ளிவிட்டு வருகிற சத்தம் கேட்டது. வின்னியின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. அந்த வீட்டின் ஜன்னல்கள் சிறியவை, தரையிலிருந்து உயரம். கட்டிலின் தலைமாட்டை எவ்வளவு தூக்கினாலும் அவளுக்கு எதிர்வீட்டுக் கூரையும் வானமும்தான் தெரியும். சத்தம் போய் அடங்கும்வரை காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு யாருன்னு குரல வச்சுக் கண்டுபிடிக்கிறேன்," என்றாள் பிறகு. "புதுசா ஒரு குரல் கேக்குது ஹெஸ்டர். அது யாருன்னே தெரியல."

அக்டோபர் கூட்டத்துக்குக் கிளேட்டனின் விண்ணப்பம் வந்தது. முன்னறை ஜன்னலை இரண்டடி கீழே இறக்க வேண்டும், அகலமும் கொஞ்சம் கூட்ட வேண்டும். படத்தை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பென்சிலால் போட்டிருந்தான். நாற்பது வருடங்கள் நண்டுப் படகு ஓட்டியவன். அன்று கோட்டு போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். என்னை எப்போதும் "ஏய் லண்ட்" என்று கூப்பிடுகிறவன், அன்று எழுந்து நின்று "தலைவி அவர்களே" என்றான்.

"அவ ரோட்டப் பாக்கணும். அவ்வளவுதான்," என்றான். "மரச்சட்டமெல்லாம் பழைய மாதிரியே நானே செய்வேன். பிளாஸ்டிக் கிடையாது. சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரம்தான், அதே மாதிரி. கொஞ்சம் கீழ எறங்கும், அவ்வளவுதான்."

குழுவில் கோர்டன் என்று ஒரு கட்டடக் கலைஞர். கெட்டவர் இல்லை, கறாரானவர். "ஆயிரத்து எழுநூத்துத் தொண்ணூறுல கட்டுன வீடு மிஸ்டர் பிக்ஃபோர்ட். முகப்புல அஞ்சு ஜன்னல், எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. அதுல ஒண்ணு மட்டும் தொங்குனா முகமே கெட்டுரும். கட்டிலை உயர்த்திப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நாலு பக்கமும் கட்டை வச்சேன். நர்ஸம்மா வந்து சத்தம் போட்டாங்க. அவ்வளவு உசரத்துலேந்து எறக்கையில கீழ போட்டா என்ன பண்றதுன்னு."

இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் புரூவர் மேசையைத் தட்டினார். "விடுங்கப்பா. நம்ம வின்னி. இங்க இருக்கிற பாதிப் பேர அவதான் ரோடு கடத்தி விட்டா."

ஓட்டு இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. ஐந்தாவது ஓட்டு என்னுடையது.

போன மாதம்தான் பாஸ்டன்காரர் ஒருவர் இருபத்திரண்டாம் எண்ணில் பெரிய கண்ணாடி ஜன்னல் கேட்டார். மறுத்தோம். அவருடைய வக்கீல் ஃபைலை மூடிக்கொண்டே சொன்னார்: "அடுத்த மாசம் உங்க சிநேகிதங்க யாராவது கேப்பாங்க. அப்ப என்ன சொல்றீங்கன்னு பாக்குறேன்." அந்த வார்த்தை என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. ஊரே பார்க்க, நெருங்கிய சிநேகிதிக்கே மறுத்தால், என் நேர்மையைப் பற்றி இனி யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று தோன்றியது. கிளேட்டனின் முகத்தைப் பார்க்காமல், எதிரிலிருந்த காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "அனுமதி இல்லை" என்றேன்.

அவன் நாட்காட்டித் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தான். "சரிங்க" என்றான். இருபது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் செய்யவில்லை.

மறுநாள் வின்னியைப் பார்க்கப் போனேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நீ உன் வேலையப் பாத்த," என்றாள். அதைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாளா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று என் வீட்டிலிருந்த நிலைக்கண்ணாடியைக் கொண்டு போனேன். கிளேட்டன் அதைக் கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் சாய்த்து மாட்டினான். பிள்ளைகள் வருவது அதில் ஓரளவு தெரிந்தது, ஆனால் இடம் வலமாக. மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எல்லாரும் தப்பான பக்கத்துலேந்து வாராங்க," என்றாள் வின்னி. "அந்த நீலக் கோட்டுப் பொண்ணு இந்தப் பக்கம் போறாளா, அந்தப் பக்கம் போறாளா? எனக்குத் தலை சுத்துது. எடுத்துரு கிளேட்டன்."

ஒரு வாரத்தில் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள்.

குளிர்காலம் முழுக்க அவள் அந்த அறையில் கிடந்தாள். ஜனவரியில் ஜன்னலின் கீழ்ப்பாதியைப் பனி மூடியது. வெளிச் சத்தமும் குறைந்துபோனது. நான் வாரம் ஒருமுறை போய்க் கதை பேசுவேன், சூப் கொடுப்பேன். ஜன்னலைப் பற்றி இருவரும் பேசவே இல்லை. ஏப்ரல் ஆரம்பத்தில் இரண்டாவது முறை வாதம் வந்து, மூன்றே நாளில் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவள் தெரு கடத்தி விட்டவர்கள். சிலருக்கு நரைத்துவிட்டிருந்தது.

அதோடு முடிந்திருந்தால், மனக்கசப்பான ஒரு தீர்ப்பைக் கொடுத்தேன், விதி அப்படி என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

ஜூனில் பதினைந்தாம் எண்காரர்கள் வேலி போட விண்ணப்பித்தார்கள். பழைய வேலி எப்படி இருந்தது என்று பார்க்க நூலகத்துக்குப் போனேன். அங்கே பின்னறையில் தெருவுக்கு ஒன்றாகப் பழைய புகைப்படப் பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முன்னால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியது தலைவியின் வேலை. எங்கள் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது: ஒரு வீட்டில் முன்பு இருந்ததற்குப் படச் சான்று இருந்தால், அதைத் திரும்ப அமைக்க அனுமதி உண்டு.

பதினைந்தாம் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் எடுத்த ஊர்வலப் படம் ஒன்று கையில் வந்தது. வாத்தியக்காரர்கள், கொடிகள். அவர்களுக்குப் பின்னால் பதினேழாம் எண். முன்னறையில் முழங்கால் உயரத்திலிருந்து தொடங்குகிற அகல ஜன்னல். உள்ளே பெண்களின் தொப்பிகள் அடுக்கியிருந்தன. அந்த வீட்டின் முன்னறை ஒரு காலத்தில் தொப்பிக் கடையாக இருந்திருக்கிறது. ஜன்னலின் அடிக்கட்டை கிளேட்டன் பென்சிலால் போட்ட கோட்டைவிடவும் தாழ்வாக இருந்தது.

அக்டோபரில் நான் பெட்டியைத் திறக்கவில்லை. பதினேழாம் எண் வீட்டில் விளையாடி வளர்ந்தவள் நான். அந்த வீட்டைப் பற்றி ஒரு பெட்டி எனக்கு என்ன சொல்லப்போகிறது என்று நினைத்தேன். கோர்டனும் நான் பார்த்திருப்பேன் என்று நம்பினார்.

நூலகத்துப் பெண் வந்து, "உடம்புக்கு முடியலையா மிஸஸ் லண்ட்? தண்ணி கொண்டாரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

அன்றே படத்தின் நகலை எடுத்துக்கொண்டு கிளேட்டனிடம் போனேன். சமையலறையில் நின்று ரொட்டியில் மசித்த சூரை மீனைத் தடவிக்கொண்டிருந்தான். ஈமச் சடங்குக்குப் பிறகு இளைத்திருந்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

"இது நம்ம வீடா?"

"ஆமா."

"அப்ப குடுத்திருக்கலாம்."

"குடுத்திருக்கணும் கிளேட்டன். நான் பெட்டியத் திறந்து பாக்கல. பாத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். தப்பு என்னோடது."

கத்தியைக் கீழே வைத்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த வாரமே வின்னி என்ன சொன்னா தெரியுமா?" என்றான். "'ஞாயித்துக்கெழம எல்லாரும் சர்ச்சுல இருக்கையில அறுத்துரு. அபராதம் போட்டா போடட்டும், கட்டிக்கலாம்'னா. நான் ரம்பத்த எடுத்துட்டு வாசல்ல போயி நின்னேன். கோடு போட்டு வச்சிட்டேன். அப்புறம் உன்ன நெனச்சேன். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்றவ, அவ சிநேகிதி வீட்டுலயே மீறிட்டாங்கன்னா அவ மூஞ்சிய எங்க வச்சுக்குவான்னு. ரம்பத்தக் கொண்டுபோயி ஷெட்டுல வச்சிட்டேன்."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"நீ சிநேகிதின்னு பாத்து முடியாதுன்ன. நான் சிநேகிதின்னு பாத்து அறுக்கல," என்றான். "நடுவுல அவ படுத்துக் கெடந்தா."

"என்னை மன்னிச்சிரு கிளேட்டன்."

"உன்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. என்மேலயும் இருக்கு. எதுல எவ்வளவுன்னு பிரிக்கத் தெரியல." படத்தை மேசையில் வைத்து, மேலே உப்புக் குப்பியை வைத்தான், காற்றில் பறக்காமல். "சாப்புடுறியா?"

பசிக்கவில்லை என்றேன். "சரி, அப்ப கெளம்பு. நான் சாப்புடணும்," என்றான். குரலில் கடுமை இல்லை. வாசல்வரை வந்தான், ஆனால் முன்பு போல முனைவரை கூட வரவில்லை.

ஜூலைக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, அக்டோபர் தீர்ப்பு தவறு, தவறுக்குக் காரணம் தலைவி, அதை ரத்து செய்ய வேண்டும் என்று சொன்னேன். கோர்டன் தாழ்ந்த குரலில், "அவங்கதான் போயிட்டாங்களே ஹெஸ்டர். இத இப்ப பதிவு பண்ணணுமா?" என்றார். பண்ணணும் என்றேன். ஐந்து பேரும் கை தூக்கினோம். இனி எந்த விண்ணப்பத்தையும் எடுக்கும் முன் பெட்டி பார்த்தாயிற்றா என்று உரக்கக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்றும் ஒரு விதி சேர்த்தோம். அதை முதலில் கேட்பவர் புரூவர். கேட்கும்போது என்னைப் பார்க்காமல் கேட்பார். அது அவருடைய கருணை.

தலைவி பதவியை விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். விட்டால் நானே என்னை மன்னித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. இருக்கிறேன். யாராவது பென்சில் படத்தோடு வந்து நின்றால் இப்போது அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன். பல சமயம் முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் சொல்வதில் முன்பிருந்த சந்தோஷம் இல்லை.

பதினேழாம் எண் ஜன்னலை இறக்க அனுமதி என்று முத்திரை வைத்த கடிதத்தைக் கிளேட்டனுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, நன்றி என்றான். எங்கள் அனுமதிக் கடிதங்களுக்கு ஒரு வருடம்தான் ஆயுள். போன மாதம் அது முடிந்தது. புதுப்பிக்க வேண்டுமா என்று கேட்டு எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.