பட்டியலில் ஏறிய உட்கூரை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. நகராட்சியிலிருந்து ஹெதர் வந்தது நவம்பரிலா, டிசம்பர் முதல் வாரத்திலா, தெரியவில்லை. அன்று மழை பெய்ததாகத்தான் ஞாபகம். ஆனால் வட இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் எந்த நாளை நினைத்தாலும் மழையோடுதான் நினைவுக்கு வருகிறது. கிளெனிஸ் பின்னாளில் என்னிடம் சொன்னதையும் நார்மன் சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த முன்னறையில் வெகுநேரம் யாரும் பேசவில்லை என்பதை மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

கிளெனிஸும் அவள் கணவன் கிளைவும் வாங்கியபோது அந்த வீடு பாழாகிக் கிடந்தது. 1878இல் ஒரு கம்பளி வியாபாரி கட்டியது. பின்னால் வந்தவர்கள் அதை ஏழு வாடகை அறைகளாகத் தடுத்து, கணப்புகளை அட்டை வைத்து மூடியிருந்தார்கள். கிளைவ் பள்ளியில் மரவேலை ஆசிரியன். கிளெனிஸுக்குப் பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை. சனி, ஞாயிறு, கோடை விடுமுறை என்று பதினெட்டு வருடம் அந்த வீட்டோடு மல்லுக்கட்டினார்கள். தரைக்கற்களைப் பெயர்த்து அடியில் வெந்நீர்க் குழாய் பதித்து, அதே கற்களை அதே வரிசையில் திரும்ப வைத்தார்கள். ஒவ்வொரு கல்லின் முதுகிலும் எண் எழுதியது கிளெனிஸ். வாசலில் நின்று பார்த்தால் விக்டோரியா ராணி காலம். உள்ளே போனால் வெதுவெதுப்பான தரை, தீ இல்லாமல் கொதிக்கவைக்கும் அடுப்பு, சுவருக்குள் மறைந்து ஓடும் கம்பிகள்.

முன்னறையின் உட்கூரை மட்டும் மிஞ்சவில்லை. ஈரத்தில் ஊறி ஒரு குளிர்காலத்தில் மொத்தமாக விழுந்துவிட்டது. அடுத்த வீட்டு நார்மனின் முன்னறையிலும் அதே வேலைப்பாடுதான்: ஓரமெல்லாம் திராட்சைக்கொடி, நடுவில் வட்டமாக இலைகள். கிளைவ் அங்கே ஏணி போட்டு ரப்பர் அச்சு எடுத்தான். வாளி வாளியாகச் சாந்து கரைத்தது கிளெனிஸ். இரண்டு கோடை ஆயிற்று.

பிறகு, பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் வீட்டைச் சேர்க்கச் சொல்லிக் கிளைவே எழுதிப் போட்டான். தெருவில் ஒவ்வொருவராகப் பிளாஸ்டிக் ஜன்னலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. தான் செத்த பிறகும் யாரும் இதில் கை வைக்கக் கூடாது என்பது அவன் எண்ணம். படிவத்தில் ‘முன்னறை உட்கூரை, 1878, அசல்’ என்று எழுதினான். கிளெனிஸ் அவன் தோளுக்கு மேலாகப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பார்வையிட வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்து, “அடேயப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டியலில் உட்கூரையும் ஏறியது.

வருடாவருடம் செப்டம்பரில் பழைய வீடுகளை ஊருக்குத் திறந்து காட்டுவார்கள். ஜனங்கள் காலணிக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு வரிசையாக வருவார்கள். கிளைவ் அறை நடுவில் நின்று, இத்தாலியிலிருந்து வந்த ஒரு சுதைக்காரர் குளிர்காலம் முழுக்க ஏணியில் நின்று செய்ததாகச் சொல்வான். முதல் வருடம் அந்த இத்தாலிக்காரருக்குப் பெயர் கிடையாது. நாலாம் வருடம் பெயர் வந்தது. ஆறாம் வருடம் அவருக்கு இருமலும் வந்தது. கிளெனிஸ் அடுக்களையில் கேக் வெட்டியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கிளைவுக்கு நடுக்க நோய் வந்தது. எழுபத்திரண்டு வயதில் மாடிப்படி ஏற முடியாமல் போனது. குளியலறை மாடியில். படிகள் மேலே போய்ச் சட்டென்று திரும்பும். ஏற்றிச் செல்லும் நாற்காலி அதில் பொருந்தாது என்று இரண்டு கம்பெனிக்காரர்கள் கைவிரித்தார்கள். முன்னறை மூலையில் உட்கூரையை வெட்டிச் சின்ன லிஃப்ட் ஒன்று வைக்கலாம். இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே முதியோர் குடியிருப்பில் இரண்டு அறைக்குப் போக வேண்டும். வெட்டுவதற்கு நகராட்சியின் அனுமதி வேண்டும். அதற்காக வந்தவள்தான் ஹெதர். முப்பது வயதிருக்கும், கையில் டார்ச், கழுத்தில் அடையாள அட்டை.

கிளைவ் சக்கர நாற்காலியில் இருந்தான். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த நார்மன், போகாமல் கதவோரம் நின்றுகொண்டான்.

ஹெதர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். “அழகா இருக்கு கிளைவ். அதான் பிரச்சனையே. நூத்தி நாப்பது வருஷத்து வேலை. இதை வெட்ட நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

“போடாதீங்க,” என்றான் கிளைவ். “நானா இருந்தாலும் போட மாட்டேன்.”

“நீ யார் பக்கம் பேசுற?” என்றாள் கிளெனிஸ். “ஆறு மாசமா வாஷ்பேசின்ல குளிக்கிற. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு.”

“உன் இடுப்பு எனக்கு முன்னாடியே போயாச்சு.”

“யோவ், வாயில நடுக்கம் வரலை பார்த்தியா உனக்கு,” என்றான் நார்மன்.

“பிளாஸ்டிக் ஜன்னல்காரன்லாம் இங்க பேசக் கூடாது.”

“என் வீட்டுல குளிர் வராதுய்யா. நீ அசலா விறைச்சுச் சாவு.”

ஹெதருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “பக்கத்து வீட்டுல இதே மாதிரி இன்னொண்ணு இருந்தா வழி பார்க்கலாம். உங்க வீட்டுல இருக்கா நார்மன்?”

“இருந்துச்சு கண்ணு. பேத்தி கல்யாணத்துக்கு முன்னாடி இடிச்சுப்புட்டுக் குட்டிக் குட்டி லைட்டாப் போட்டுட்டேன்.” நார்மன் கிளைவைப் பார்த்தான். “அது வேற கதை. நான் ஒண்ணும் சொல்லலை.”

“அப்போ ஊர்லயே இது ஒண்ணுதான் மிச்சம்,” என்றாள் ஹெதர். “பின்னாடி செஞ்சதா இருந்தாப் பேசலாம். அசல்னா முடியாது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

பேச்சு நின்றது. மழை ஜன்னலில் வழிந்தது. கிளெனிஸின் நாக்கு நுனியில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் அவர்கள் இந்த வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் அவள் சொன்னால், அவன் தன் வீட்டில் பொய்யன் என்று பிடிபட்டவனாக மிச்ச நாளைக் கழிப்பான். ஒவ்வொரு முறை லிஃப்டில் ஏறும்போதும் அவள் சொன்னது அவனோடு ஏறும். அவன் சொன்னால் அது வேறு. சொல்லாமலே இருந்துவிடுவானோ? இருபது வருடமாக அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது பெருந்தன்மையா, சோம்பலா? அவளுக்கே தெரியவில்லை. அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நார்மன் ஏணியைப் பார்த்தான். ஹெதர் கையிலிருந்த ஃபைலை மூடப் போனவள், ஏனோ மூடவில்லை.

கிளைவின் வலது கை நாற்காலிக் கைப்பிடியில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்தான்.

“ஜன்னலுக்கு மேல பாருங்க,” என்றான் ஹெதரிடம். “இடப்பக்கத்துலேர்ந்து நாலாவது கொத்து. ஒரு இலை தலைகீழா இருக்கும்.”

ஹெதர் டார்ச்சைத் திருப்பினாள். “ஆமா. கவனிக்கவே இல்லை.”

“யாரும் கவனிச்சதில்லை. தொண்ணூத்தொம்பது ஆகஸ்ட்ல நான் வெச்சது. மறுநாள் காலைலதான் பார்த்தேன். சாந்து இறுகிப்போச்சு.” மூச்சு வாங்கினான். “அது மட்டுமில்லை. எல்லாமே நான் வெச்சதுதான். இவன் வீட்டுலேர்ந்து அச்செடுத்தது. அசல் எண்பத்தெட்டுலயே விழுந்துபோச்சு.”

“அப்போ அந்த இத்தாலிக்காரர்?”

“அப்படி ஒருத்தர் கிடையாது.”

“பாவம், இருமலோட செத்தாரே,” என்றான் நார்மன்.

ஹெதர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தாள். “இதை நான் எழுதியாகணும் கிளைவ். பட்டியல்லயும் திருத்துவாங்க. யார் வேணும்னாலும் படிக்கலாம்.”

“எழுதுங்க. ரெண்டு பேர் பேரையும் போடுங்க. சாந்து கரைச்சது இவ.”

“என் பேரு வேணாம்,” என்றாள் கிளெனிஸ். “சாந்து நான் கரைச்சேன். புளுகு உன்னோடது.”

கிளைவ் அவளை நிமிர்ந்து பார்த்தான். “உனக்குத் தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை, க்ளென்? இத்தனை வருஷம்?”

“நீ கேட்கவே இல்லையே,” என்றாள் அவள். எழுந்து தேநீர் போடப் போனாள். அடுக்களையில் கொஞ்ச நேரம் கெட்டிலை இயக்காமலே நின்றிருந்ததாக என்னிடம் சொன்னாள்.

அனுமதி ஜனவரியில் வந்தது. மார்ச்சில் லிஃப்ட் வைத்தார்கள். மூலையில் ஒரு மீட்டர் திராட்சைக்கொடி போயிற்று. அடுத்த செப்டம்பரில் கிளைவ் சக்கர நாற்காலியிலிருந்தே உண்மையைச் சொன்னான். ஊர்ப் பாரம்பரியக் கழகத்தில் இரண்டு பேர் அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மூன்று வருடம் தினமும் தொட்டியில் வெந்நீரில் குளித்தான். நாலாம் வருடம் பிப்ரவரியில், மாடியில் தன் கட்டிலில் இறந்தான். நார்மன் வீட்டை விற்றுவிட்டு மகளோடு ஸ்கார்பரோவுக்குப் போய்விட்டான். ஹெதருக்கு டர்ஹமில் வேலை கிடைத்தது. கிளெனிஸ் அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளும் லிஃப்டில்தான் மாடிக்குப் போகிறாள்.